ஐம்பத்தாறுக்கு முந்தி இல்ல

படத்தின் பின்பக்கம் திகதி இல்லை.
ஸ்டூடியோ முத்திரை இருந்த மூலையைப்
புயல் வருசத்து மழை நக்கிவிட்டது.
மிச்சம் ஒரு மோட்டார் சைக்கிள்.
அதைப் பிடித்தபடி தெய்வேந்திரம் ஓவசியர்.
அவர் பிடித்திருப்பது வண்டியை அல்ல,
பெற்றோல் டாங்கியில் இருத்திய பிள்ளையை என்பது
உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

பிள்ளை என் அம்மா.
கீழ் முரசில் இரண்டு பல்.
டாங்கியில் ஒரு சேவல் படம்;
அதன் தலையை வலது குதிகாலால்
மறைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜவ்சிக்குக் காத்தான்குடியில் பார்ட்ஸ் கடை.
என்னோடு ஏ.எல். எழுதி
என்னோடே தவறியவன்.
படத்தை வாங்க முன்
கையைச் சாரனில் துடைத்தான்.
முகங்களை அவன் பார்க்கவேயில்லை.
"பி.எஸ்.ஏ. பான்ரம்.
முன்னத்த மொடலெண்டா பின்சில்லு
சட்டத்தோட இறுகி நிக்கும்.
இதுக்கு ஷொக் இரிக்கி பாரு.
ஐம்பத்தாறுக்கு முந்தி இல்ல."

பிந்தி?

"பிந்தி எப்பவும் இரிக்கலாம்.
வண்டி தான் பிறந்ததத்தான் சொல்லும்.
படம் புடிச்ச நாள
அதுக்கிட்ட கேக்கப்படா."

பக்கத்துக் கடிகாரக் கடையில்
கண்ணில் இடுக்கும் வில்லையை இரவல் வாங்கி வந்தான்.
முன் மட்காட்டில் வளைந்த தகடு.
ஓர் இலக்கம்.
பிறகு கறுப்பு.
பிறகு நாலு இலக்கம்.
எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு.

கடையில் நின்ற பெடியனை
தேத்தண்ணிக்கு அனுப்பிவிட்டுச் சொன்னான்:
"தார்.
சிங்கள சிறீக்கு மேல பூசினது. ஐம்பத்தெட்டு.
மூத்தவாப்பாட லொறிக்கும் பூசினவங்களாம்.
அந்த வைகாசிக்குப் பிறகு
அப்பிடி ஓட ஆரும் துணியல்ல எண்டு சொல்லுவார்."

கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி
விரல் மடித்தேன்.
இரண்டு பல் என்றால் எட்டு மாதம், பத்து மாதம்.
அம்மாவின் அடையாள அட்டையில் ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபது.

அது வந்த விதம் இப்படி:
புயலில் பத்திரம் போனது. தாயும் இல்லை.
வளர்த்த சித்தியோடு
உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போய் நின்றாள்.
"பெருவெள்ளத்துக்கு ஒள்ளுப்பம் முந்திப் பிறந்த புள்ள"
என்றாளாம் சித்தி.
"எந்த வெள்ளம்?" என்றாராம் கிளாக்கர்.
மட்டக்களப்பில் வெள்ளம் ஒன்றா இரண்டா.
அவர் அம்மாவை மேலும் கீழும் பார்த்து
தலை கிறுகிறுக்காத ஒரு வருசத்தை,
பூச்சியத்தில் முடிவதை,
எழுதிவிட்டார்.

வீட்டில் அம்மா கணவாய் கழுவிக்கொண்டிருந்தாள்.
சொன்னேன்.
சட்டியைத் தள்ளிவைத்தாள்.
"அப்ப நான் ஆசுபத்திரியில
மூணு வருசம் கூட நைட் டியூட்டி செஞ்சிரிக்கன்."
"மூணு வருசச் சம்பளமும் கூடத்தானே வந்திரிக்கி,"
பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா.

அந்தக் குரலைக் கேட்டபின்தான்
அவளுக்கு மற்றக் கணக்கும் ஓடியிருக்க வேண்டும்.
அப்பாவிடம் அசல் பத்திரம் உண்டு.
ஐம்பத்தெட்டு, ஆவணி. லமினேற் செய்தது.
காணிச் சண்டையோ கறிக்கு உப்போ
நாற்பது வருசமாக இந்த வீட்டில்
"மூத்தவன் சொல்றன் கேளு" என்றுதான்
எதுவும் முடிந்திருக்கிறது.

அம்மா ஒன்றும் பேசவில்லை.
அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

"கொண்டா பாப்பம்."
கண்ணாடியைப் போட்டார்.
கண்ணாடிக்கு மேல் வில்லையையும் வைத்தார்.
விளக்கைப் போடச் சொன்னார்.
போட்டேன்.
ஜன்னலடிக்குப் போனார், திரும்பி வந்தார்.

"இது தார் இல்ல.
பூஞ்சணம்."

நகத்தை அந்தக் கறுப்பில் வைத்தார்.
அம்மா எட்டி மணிக்கட்டைப் பிடித்தாள்.
கணவாய் மை அவர் கைச்சட்டை வரை
ஒழுகி இறங்கியது.

"சுரண்டாத, தம்பி."